கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ரேம் வேகத்தை ஏத்தினதுல இருந்து கிராஷ் ஆகுது, என்ன பண்ண?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே மாதிரி இருக்கு. புது ரேம் போட்டேன், பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்ல) வேகத்தை ஏத்தினேன், அதுல இருந்து நீல ஸ்கிரீன். அதனால பிரின்டர், வைஃபை கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வச்சுட்டு இந்த தடவை இது மட்டும்.

கேள்வி: அண்ணா, நான் திருச்சியில இன்ஜினியரிங் படிக்கிறேன். ரைசன் 5 5600, பி550 போர்டு. முதல்ல 3200 ஸ்பீடுல 8 ஜிபி ரெண்டு ஸ்டிக் போட்டிருந்தேன், ஒரு வருஷம் எந்த பிரச்சனையும் இல்ல. போன மாசம் ஆஃபர்ல 3600 ஸ்பீடுல இன்னும் ரெண்டு 8 ஜிபி வாங்கி நாலு ஸ்லாட்டையும் ஃபுல் பண்ணி, எக்ஸ்எம்பி ஆன் பண்ணி 3600ல வச்சேன். இப்ப கேம் பாதியில மூடிக்குது, க்ரோம்ல டேப் தானா செத்துப் போகுது, நீல ஸ்கிரீன்ல ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, மறுநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்னு வருது, இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட்னு வருது. விண்டோஸ் புதுசா போட்டேன், கிராஃபிக்ஸ் டிரைவர் மாத்தினேன், ஒண்ணும் சரியாகல. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்தணும்ங்கறார். மாத்தவா?

பதில்: இப்போதைக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு காசு போடாதீங்க தம்பி. உங்க லெட்டர்லயே விடை இருக்கு, ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான். டிரைவர் கெட்டிருந்தா பெரும்பாலும் அதே இடத்துல, அதே எரரோட விழும். ரேம்ல ஒரு பிட் தப்பா மாறினா அந்த நேரத்துல அந்த இடத்துல எது உட்கார்ந்திருந்துச்சோ அது கெடும், இன்னிக்கு க்ரோம் இருந்தா க்ரோம் சாகும், நாளைக்கு விண்டோஸ் கெர்னல் இருந்தா நீல ஸ்கிரீன். காரணம் ஒண்ணு, முகம் மட்டும் பல.

எக்ஸ்எம்பி ஆன் பண்றதும் ஓவர்க்ளாக் தான், அதாவது ஸ்டாண்டர்டு வேகத்துக்கு மேல ஓட்டறது தான், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. 2007ல டிடிஆர்3 காலத்துல இன்டெல் கொண்டு வந்த ஏற்பாடு அது. ஸ்டிக்ல இருக்கற குட்டி சிப்ல ரேம் கம்பெனிக்காரங்க ஒரு வேகம், டைமிங் (ரேம் பதில் தர எத்தனை க்ளாக் காத்திருக்கணும்ங்கற எண்), வோல்டேஜ் எழுதி வச்சிருப்பாங்க, நீங்க ஆன் பண்ணா போர்டு அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கும். டிடிஆர்4க்கு ஜெடெக் (ரேமுக்கு விதி வகுக்கற அமைப்பு) ஸ்டாண்டர்டு 3200 வரைக்கும் தான், அதுவும் 1.2 வோல்ட்ல. 3600 எல்லாம் அதுக்கு வெளியில, வழக்கமா 1.35 வோல்ட் குடுத்து ஓட்டறது. பாக்ஸ்ல 3600னு அச்சடிச்சது பொய் இல்ல, அந்த ஜோடி அந்த வேகத்துல ஓடும்னு சோதிச்சு தான் விக்கிறாங்க. ஆனா உங்க ப்ராசஸருக்குள்ள இருக்கற மெமரி கன்ட்ரோலரும் ஓடணும், போர்டுல போற வயரிங்கும் தாங்கணும், அதுக்கு ரேம் பாக்ஸ் பொறுப்பு எடுத்துக்காது. உங்க ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி சொல்ற கணக்கே ரெண்டு ஸ்டிக்னா 3200, நாலு ஸ்டிக் போட்டா சிங்கிள் ரேங்க்ல (ஸ்டிக்ல சிப்புங்க ஒரே செட்டா இருக்கறது) 2933, டூயல் ரேங்க்ல (ரெண்டு செட்டா இருக்கறது) 2667 தான். நீங்க நாலும் போட்டு, அதுலயும் ரெண்டு வேற வேற செட்டை கலந்து, 3600 கேக்கறீங்க. 3200க்குன்னு வித்த பழைய ஜோடிய 3600ல ஓட்டச் சொல்றீங்க. ஓடினா அதிர்ஷ்டம், ஓடலைன்னா யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்ப பண்ண வேண்டியது. பயாஸ்ல போய் எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணிட்டு, வேற எதையும் தொடாம ரெண்டு மூணு நாள் வழக்கம் போல யூஸ் பண்ணுங்க. வேகம் 2133க்கோ 2666க்கோ இறங்கும், கேம்ல ஃப்ரேம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல, இது சோதனை தான். கிராஷ் நின்னுடுச்சுன்னா செட்டிங்ல தான் கோளாறு, ஸ்டிக் நல்லா இருக்கு. டீஃபால்ட்லயும் விழுந்துச்சுன்னா ஸ்டிக்கே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், அப்ப ரேம சோதிக்கற மெம்டெஸ்ட்86ங்கற டூல பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விடுங்க, 4 பாஸ் முடியட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர் தான், "ஒண்ணு தானே"ன்னு விட்டுடாதீங்க. எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா போட்டு சோதிங்க, எல்லாத்தையும் ஒரே ஸ்லாட்ல, அதாவது ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு பாருங்க, அப்பதான் ஸ்டிக் கெட்டதா ஸ்லாட் கெட்டதான்னு பிரிச்சு சொல்ல முடியும். விண்டோஸ்லயே இருக்கற மெமரி டயக்னாஸ்டிக்ல ஓட்டிட்டு "எரர் இல்ல"ன்னு நிம்மதியாகிடாதீங்க, அது பெரிய கோளாற பிடிக்கும், இந்த மாதிரி ஓரத்துல நிக்கிற செட்டிங்க நிறைய தடவை தப்ப விட்டுடும்.

ஸ்டிக் நல்லா இருந்தா ரெண்டு வழி. ஒண்ணு, புது 3600 ஜோடிய மட்டும் ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போட்டு எக்ஸ்எம்பி ஆன் பண்ணிக்கறது. இல்ல 32 ஜிபி கண்டிப்பா வேணும்னா நாலையும் போட்டு 2933ல கையால வச்சு, டைமிங்க பழைய 3200 செட்டோட எண்ணுக்கு தளர்த்தி, கமாண்ட் ரேட்ட 2டி ஆக்கி (கட்டளைக்கு ஒரு க்ளாக் கூட நேரம் குடுக்கறது), அது நின்னதுக்கப்புறம் 3200க்கு ஏத்திப் பாக்கறது. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் தான். என்னைக் கேட்டா, கேம் ஆடறவருக்கு முதல் வழி போதும், பழைய ஜோடிய வித்துடுங்க.

இன்னொண்ணு, நீங்க விண்டோஸ் புதுசா போட்டதே கெட்ட ரேம்லதான், அதனால ஃபைல் எதாவது தப்பா எழுதியிருக்கலாம். எல்லாம் சரியானதுக்கப்புறம் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow, விண்டோஸ் ஃபைலுங்கள சரிபார்த்து ரிப்பேர் பண்ற கட்டளை) ஒரு தடவை ஓட்டிடுங்க. சரி பண்றதுக்கு முன்னாடி ஓட்டாதீங்க, ரிப்பேர் பண்ணப் போறதையும் அதே ரேம் கெடுத்துடும்.

கேள்வி: சார், நான் திருநெல்வேலியில வீட்டுல இருந்தே கடைக்காரங்களுக்கு டாலி, ஜிஎஸ்டி வேலை பாத்து குடுக்கறேன். ஆறு மாசம் முன்ன தெரிஞ்சவங்க மூலமா ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினேன், நல்ல ஸ்பீடுன்னு சொல்லி குடுத்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகுது. போன வாரம் ஒரு கம்பெனி டேட்டாவே திறக்க மாட்டேங்குது. ஓவர்க்ளாக்குனு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, நான் எதையும் மாத்தவும் இல்ல. எனக்கு எப்படி வந்துச்சு?

பதில்: நீங்க மாத்தலைன்னாலும் உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்தியிருக்கலாம், அந்த செட்டிங் பயாஸ்லயே இருக்கும், விண்டோஸ் அழிச்சு போட்டாலும் போகாது. இது ரொம்ப பழைய கதை. 2005லயே மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்த்த ரேமண்ட் சென் இதைப் பத்தி எழுதியிருக்கார். கிராஷ் ரிப்போர்ட்டுங்கள எடுத்துப் பாத்தா, கிராஷ் ஆகவே முடியாத இடத்துல ப்ரோக்ராம் விழுந்திருக்கு, ஒரு ரெஜிஸ்டர சும்மா பூஜ்யம் ஆக்கற கட்டளை, அது மெமரிய தொடறது கூட இல்ல, அதுல விழுந்திருக்கு. ரிப்போர்ட் அனுப்பினவங்ககிட்ட விசாரிச்சா மெஷின் ஓவர்க்ளாக் பண்ணது. அதுல சில பேருக்கு தங்க மெஷின் ஓவர்க்ளாக் ஆகியிருக்கறதே தெரியாது, வித்தவங்க ஏத்தி வச்சு வித்திருக்காங்க.

கணக்கு வேலைக்கு இந்த கூடுதல் வேகம் உங்களுக்கு ஒரு பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல. ஆன் பண்ணும்போது டெலிட் இல்லைன்னா எஃப்2 கீய தட்டி பயாஸ்குள்ள போய் லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்ங்கறத குடுத்து சேவ் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மறக்காம பண்ணணும். பயாஸ்ல இருக்கற ஒவ்வொரு பக்கத்தையும் மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஏன்னா டிஸ்க் மோட் மாதிரி ஏதாவது மாறினா விண்டோஸ் பூட் ஆகாம நிக்கும், பழையபடி வைக்க போட்டோ வேணும். அப்புறம் பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாத்து ரெகவரி கீய பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, பயாஸ் மாத்தினதும் அது சாவி கேக்கலாம்.

டேட்டா விஷயத்துல தான் எனக்கு உண்மையான கவலை. ரீஸ்டார்ட் ஆனா கண்ணுக்குத் தெரியுது, ஆனா ஒரு எண் ரேம்ல தப்பா மாறி அப்படியே டிஸ்க்ல சேவ் ஆனா யாருக்கும் தெரியாது. நேத்து எடுத்த பேக்கப்லயும் அந்த தப்பு தான் இருக்கும். அதனால பழைய பேக்கப் எதையும் அழிக்காதீங்க, தேதி வாரியா தனித்தனியா வையுங்க. திறக்காத கம்பெனிய ரிப்பேர் பண்றதோ ரீஸ்டோர் பண்றதோ இந்த மெஷின்ல வேண்டாம், வேற நல்ல கம்ப்யூட்டர்ல பண்ணுங்க. டீஃபால்ட்ல போட்டு மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க சுத்தமா ஓடினதுக்கப்புறம் தான் வேலைய இதுல திரும்ப ஆரம்பிக்கணும். மாச இறுதி, ரிட்டர்ன் தேதின்னு அவசரம் இருக்கும், தெரியும், இருந்தாலும் இதுல மட்டும் அவசரப்படாதீங்க. இந்த ஆறு மாசத்துல போட்ட என்ட்ரிங்கள பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒரு தடவை ஒத்துப் பாத்துடுங்க.

கேள்வி: மதுரையில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். ரைசன் 9 7950எக்ஸ், 32 ஜிபி ரெண்டு ஸ்டிக் டிடிஆர்5, எக்ஸ்போ (எக்ஸ்எம்பி மாதிரி ஏஎம்டியோடது) போட்டு 6000. ஒரு யூட்யூப் வீடியோ பாத்து கர்வ் ஆப்டிமைசர்ல (ப்ராசஸர் கோருக்கு போற வோல்டேஜ குறைக்கற செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 குடுத்தேன், சூடு நல்லா குறைஞ்சது. ஆனா எக்ஸ்போர்ட் சில நாள் பாதியில எரர் ஆகுது. அதை விட ஆச்சரியம், சும்மா விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தா ரீஸ்டார்ட் ஆகி நிக்குது. மெம்டெஸ்ட்86 4 பாஸ் ஓட்டிட்டேன், ஒரு எரர் இல்ல. ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு இருக்கு, அப்ப பவர் சப்ளையா?

பதில்: கெர்னல் பவர் 41ங்கறது "போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகல"ன்னு விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அதுதான் வரும், ஓவர்க்ளாக்ல தொங்கினாலும் அதுதான் வரும். அதை வச்சு எஸ்எம்பிஎஸ்ஸ குறை சொல்ல முடியாது. அதுக்குப் பக்கத்துல டபிள்யூஹெச்இஏ லாகர் 18னு (WHEA-Logger, ஹார்டுவேர் எரர விண்டோஸ் எழுதி வைக்கிறது) ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா திறந்து ப்ராசஸர் ஏபிஐசி ஐடி எண்ண குறிச்சுக்கங்க, எந்த கோர்ல விழுந்துச்சுன்னு அது சொல்லிடும், தடவைக்கு தடவை அதே எண் வந்துச்சுன்னா ஆள் சிக்கிட்டார்.

உங்ககிட்ட ரெண்டு தனி பிரச்சனை இருக்குன்னு நினைக்கிறேன். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகறது கர்வ் ஆப்டிமைசர் வேலை. அதுல ஒரு எண் இறக்கினா சுமார் 3ல இருந்து 5 மில்லிவோல்ட் குறையும், 30 இறக்கினா 100 மில்லிவோல்ட் பக்கம் போயிடுது. எல்லா கோரும் சேர்ந்து எக்ஸ்போர்ட்ல உழைக்கும்போது வேகம் தானா கொஞ்சம் இறங்கி இருக்கும், அதனால தாங்கிடும். மெஷின் சும்மா இருக்கும்போது தான் ஒரு சின்ன வேலைக்கு ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்கு எம்பும், அந்த நொடியில குடுக்கற வோல்டேஜ் பத்தாது, அங்க விழுது. அதனால தான் மணிக்கணக்கா ஃபுல் லோட் டெஸ்ட் ஓட்டி "நிக்குது"ன்னு நம்பினவங்களுக்கு டெஸ்க்டாப்ல சும்மா இருக்கும்போது விழுது. எல்லா கோரும் ஒரே தரத்துல வராது, சிலது 30 தாங்கும், சிலது 10 கூட தாங்காது. கோர்சைக்ளர்னு ஒரு டூல் இருக்கு, ஒவ்வொரு கோரா தனியா எடுத்து சோதிக்கும், ராத்திரி ஓட விட்டு விழற கோருக்கு மட்டும் எண்ண குறைங்க. வேலை மெஷினுக்கு என்னைக் கேட்டா பூஜ்யத்துல வச்சுட்டு, நல்ல கூலர் வாங்கறது தான் மேல்.

எக்ஸ்போர்ட் பாதியில நிக்கிறது ரேம் பக்கமா இருக்கலாம். மெம்டெஸ்ட்86 விண்டோஸ் இல்லாம ஓடுது, அந்த நேரம் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கு, ப்ராசஸருக்கும் பெரிய உழைப்பு இல்ல, கேபினட்டும் சூடாகல. அங்க பாஸ் ஆனது நல்ல சேதி, ஆனா முழு சான்றிதழ் ஆகாது. விண்டோஸ்குள்ள டெஸ்ட்மெம்5 ஓட்டுங்க, அப்புறம் ப்ரைம்95ல லார்ஜ் எஃப்எஃப்டி, ஒய்-க்ரஞ்சர், இதெல்லாம் கன்ட்ரோலர நல்லா கசக்கும். உங்க ப்ராசஸருக்கு ஏஎம்டி உறுதி குடுக்கறது ரெண்டு ஸ்டிக்குல 5200 தான், 6000 நிறைய சிப்ல ஓடும், உங்க சிப்ல ஓடணும்னு கட்டாயம் இல்ல. 5600க்கு இறக்கிப் பாருங்க. எஸ்ஓசி வோல்டேஜ (ப்ராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கற பகுதிக்கு போறது) ஏத்தி சமாளிக்கலாம்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு 1.3க்கு மேல போயிடாதீங்க, 2023ல இந்த வோல்டேஜ் அதிகமானதால ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புங்க சிலது கருகிப் போய் தான் ஏஎம்டி 1.3ங்கற வரம்ப வச்சது. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க, முதல்ல கர்வ பூஜ்யம் ஆக்கி ஒரு வாரம், அப்புறம் ரேம்.

இதெல்லாம் முடியற வரைக்கும் முகூர்த்த வீடியோ இருக்கற எந்த மெமரி கார்டையும் ஃபார்மட் பண்ணாதீங்க. காப்பி பண்ணும்போது ஃபைல் ரேம் வழியா தான் போகுது, கெட்டா அங்கயே கெட்டுடும். 7-ஜிப் போட்டிருந்தா ரைட் கிளிக் மெனுவுலயே ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) பாக்கற வசதி இருக்கு, கார்டுல ஒண்ணு, காப்பில ஒண்ணு எடுத்து எண் ஒத்துப் போகுதான்னு பாருங்க. தாலி கட்டின நிமிஷத்த திரும்ப ஷூட் பண்ண முடியாது இல்லையா.

கேள்வி: வேலூர்ல இருந்து எழுதறேன். ஐ5 12600கே, டிடிஆர்4 3600. காலையில ராத்திரி எவ்ளோ நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகல, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஆடினா கண்டிப்பா கிராஷ். ப்ராசஸர் 75 டிகிரி தாண்டல. ஒரு கைடு பாத்து டிரெஃபிய (tREFI, ரேம் ரெஃப்ரெஷ் இடைவெளி) 65535னு வச்சிருக்கேன், வேற ஒண்ணும் பண்ணல.

பதில்: வேற ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, அது ஒண்ணே போதும். டிராம் செல்லுல இருக்கற சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுகிட்டே இருக்கும், அது தீர்றதுக்குள்ள திரும்ப நிரப்பணும், அதுக்குப் பேர் தான் ரெஃப்ரெஷ். டிடிஆர்4ல 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவைங்கறது ஸ்டாண்டர்டு, 3600 வேகத்துல அது சுமார் 14,000 க்ளாக். நீங்க 65535 வச்சதால 36 மைக்ரோ செகண்ட் ஆகிடுச்சு, நாலரை மடங்குக்கு மேல. குளிர்ச்சியா இருக்கும்போது செல் அவ்ளோ நேரம் தாங்கிடும். சூடு ஏற ஏற கசிவு வேகமாகும், அதனால தான் 85 டிகிரி தாண்டினா ரெஃப்ரெஷ்ஷ ரெண்டு மடங்கு ஆக்கணும்னு ஸ்டாண்டர்டுலயே எழுதியிருக்கு. வேலூர் வெயில்ல, ஃபேன் காத்து மட்டும் இருக்கற ரூம்ல, கிராஃபிக்ஸ் கார்டு சூட்டுக்காத்து நேரா ரேம் மேல போகும்போது ப்ராசஸர் டிகிரிய மட்டும் பாத்து என்ன பிரயோஜனம். டிரெஃபிய ஆட்டோல விட்டுடுங்க. அந்த கைடு எழுதினவர் எந்த ஊர்ல, எந்த மாசத்துல டெஸ்ட் பண்ணாரோ. இனிமே ரேம் டெஸ்ட் எதையும் மத்தியானத்துல, கேம் ஆடி கேபினட் சூடானதுக்கப்புறம் ஓட்டுங்க.

கேள்வி: ஐ9 13900கே வச்சிருக்கேன். சில கேம் ஆரம்பிக்கும்போதே வீடியோ மெமரி பத்தலைன்னு எரர் வருது, கிராஃபிக்ஸ் கார்டுல 24 ஜிபி இருக்கு. எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணிட்டேன், மெம்டெஸ்ட் சுத்தம், எல்லாம் டீஃபால்ட். ஓவர்க்ளாக்கே இல்லாம எப்படி?

பதில்: நீங்க ரேமையும் கார்டையும் விட்டுடலாம். 13, 14ம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புங்கள்ல வந்த கோளாறோட அடையாளம் தான் இந்த எரர். ப்ராசஸர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளாவட்டத்துல உள்ள க்ளாக் சர்க்யூட் தேய்ஞ்சு, முன்ன ஓடின வோல்டேஜ்ல இப்ப ஓட முடியாம போகுது. போர்டு கம்பெனிங்க "டீஃபால்ட்"ங்கற பேர்லயே பவர் வரம்ப தளர்த்தி வச்சிருந்ததும் சேர்ந்துகிச்சு. 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பி மைக்ரோகோட்னு (ப்ராசஸருக்குள்ள ஓடற குட்டி ப்ரோக்ராம், பயாஸ் வழியா வரும்) இன்டெல் திருத்தம் குடுத்தது. உங்க போர்டு கம்பெனி சைட்ல கடைசி பயாஸ் எடுத்து போட்டு, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்னு இருக்கறத தேர்ந்தெடுங்க. ஆனா அது இனிமே தேயாம பாக்கறதுக்கு தான், ஏற்கனவே தேய்ஞ்சத திரும்ப குடுக்காது. அப்டேட்டுக்கு அப்புறமும் எரர் வந்தா சிப்ப மாத்தணும். இதுக்காகவே பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டிய ரெண்டு வருஷம் கூட்டியிருக்காங்க, பில்ல தேடி எடுத்து கேளுங்க, தயங்காதீங்க. பெரிய கோர் வேகத்த குறைச்சு ஓட்டினா எரர் நின்னுடும்னு சொல்வாங்க, உண்மைதான், கேஸ் முடியற வரைக்கும் அப்படி ஓட்டலாம், அதையே தீர்வா எடுத்துக்கிட்டு வாரன்டிய விட்டுடாதீங்க.

கேள்வி: ஏஎம்5 போர்டுல (ரைசன் 7000 மாதிரி சிப்புக்கான போர்டு) எக்ஸ்போ ஆன் பண்ணி சேவ் குடுத்தேன். ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணுமே இல்ல. போர்டு போச்சா?

பதில்: போயிருக்காது. டிடிஆர்5ல வேகம் மாத்தினா போர்டு ரேமோட திரும்ப ஒத்திகை பாக்கும், மெமரி ட்ரெய்னிங்னு பேரு, ஏஎம்5ல அது சில நிமிஷம் கூட எடுக்கும், ரேம் அளவு கூட இருந்தா இன்னும் நேரம் ஆகும். பவர் பட்டன அமுக்காம ஒரு கால் மணி நேரம் அப்படியே விடுங்க. அப்பவும் வரலைன்னா ஆஃப் பண்ணி, ப்ளக்க பிடுங்கி, போர்டு புக்குல க்ளியர் சிமாஸ்னு (பயாஸ் செட்டிங்க அழிச்சு டீஃபால்ட் ஆக்கறது) போட்டிருக்கற ரெண்டு பின்ன ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால பத்து செகண்ட் தொட்டு எடுங்க. ஒரே ஒரு ஸ்டிக்க ரெண்டாவது ஸ்லாட்ல மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. படம் வந்ததும் எக்ஸ்போவ தொடாம முதல்ல பயாஸ அப்டேட் பண்ணுங்க, ஏஎம்5 ஆரம்ப கால பயாஸ்ல ஓடாத ரேம் பலது பின்னாடி வந்த பயாஸ்ல ஒழுங்கா ஓடியிருக்கு. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ் இல்லைன்னா பக்கத்து வீட்டுலயாவது ஒண்ணு வாங்கி மாட்டிக்கங்க.